வழக்கமாக வசிப்போர்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
வழக்கமாக இங்கே வசிப்போர் எத்தனை பேர்.

கானாடுகாத்தானில் அந்த வீட்டின் முகப்பு ஒரு தெருவில்,
பின்கதவு அடுத்த தெருவில்.
சாவிக்கொத்தோடு வந்தார் சேவுகமூர்த்தி.
"நான் ஒருத்தன். எழுதிக்கிருங்க."
பிறகு யோசித்து,
"ராத்திரி எங்க வீட்டுக்குப் போயிருவேன்."

எழுதிய ஒன்றை அடித்தேன்.
பூஜ்யம் போட மனசு வரவில்லை.
ஒரு கோடு போட்டேன்.

படிவத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
இன்னொரு ரயில் விடலாமா,
பழைய ஓடுதளத்தில் சின்ன விமானம் இறங்கலாமா,
இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கெடுப்பு.
யாரோ சிக்கனக்காரர் செய்த ஏற்பாடு.

மேற்பார்வையாளர் எட்வின் காப்பிக்கடையில் பாடமெடுத்தார்.
மேசையில் கொட்டிய சர்க்கரையை
விரலால் நீளக் கோடாக இழுத்து,
"ஜனம் இப்படி இருந்தா ரயில்."
அதையே இரண்டு குவியலாக ஒதுக்கி,
ஒன்றை இந்த ஓரம், ஒன்றை அந்த ஓரம்,
"இப்படி இருந்தா விமானம்.
நடுவுல யாரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."
மிச்சத்தை ஊதினார், தூளாய்ப் பரவியது.
அப்படி இருந்தால்?
"பஸ்."
அதற்கும் குறைவாக இருந்தால்?
"டி.வி.எஸ். ஃபிப்டி" என்று சொல்லி
சர்க்கரை இல்லாத காப்பியைக் குடித்தார்.

செட்டிநாடு ஸ்டேஷனில் ஜெசிந்தா
நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.
நேற்று பதினோரு டிக்கெட்.
அதில் நாலு அரை டிக்கெட்.

ஓடுதளத்தில் கேள்வி கேட்க ஆளில்லை.
நாற்பத்திரண்டு வெள்ளாடு,
குடை பிடித்து மேய்க்கும் ஒருவர்.
அந்த வாரத்தில் நான் பார்த்ததிலேயே
நெருக்கமான குடியிருப்பு அதுதான்.

வியாழக்கிழமை மறுபடி அதே தெரு.
வேன் நிறுத்த இடமில்லை.
கோடு போட்ட வீட்டில் படைப்பு.
இரண்டு கட்டிலும் பந்தி,
சார்ஜர் செருகப் பிளக்குக்குச் சண்டை,
அண்டாவோடு ஓடினார் சேவுகமூர்த்தி, என்னைத் தெரியாதவர்போல.

சிகப்பி என்றொரு பெண் படிவத்தை எட்டிப் பார்த்தார்.
"கோலாலம்பூர்லேர்ந்து திருச்சிக்கு நாலு மணி நேரம்.
திருச்சிலேர்ந்து இங்க வர ரெண்டு,
வாந்தியெடுக்கிற பேரனோட.
எங்களையும் எழுதிக்கங்க."

வழக்கமாக வசிக்கிறீர்களா என்றேன்.
கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக
எனக்கே கேட்டது.

"இந்த வீட்டுக்கு இருபத்தாறு புள்ளி" என்றார்.
கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி.
பினாங்கில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும்
கோயில் நோட்டில் இந்த ஊர்,
வரி இங்கே.
"ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா அரைப்புள்ளி."
கொஞ்சம் நிறுத்தி,
"நான் அப்படித்தான், ரெண்டு வருசமா."

புள்ளியியல் என்று அச்சடித்த என் அடையாள அட்டை
கழுத்தில் திரும்பிக்கொண்டது.

இலைகளை எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று.
ஒரு விமானம் கிட்டத்தட்ட நிறையும்.
ஒரு நாளைக்கு.
பிறகு அந்த விமானம்
ஆடுகளோடு எத்தனை வருஷம் நிற்கும்?

சனிக்கிழமை பூட்டு.
வாழையிலைக் கட்டு காய்ந்து கிடந்தது, மாடு முகர்ந்து போனது.
எட்வினிடம் கேட்டேன்:
சார், இது குவியலா, கோடா, தூளா?
"என்னிக்கு எண்ணுன? அதைச் சொல்லு" என்றார்.
தேதிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஏழாவது கட்டத்தில்
அந்தக் கோட்டை அப்படியே விட்டேன்,
அதன்மேல், சின்னதாக, இருபத்தாறு புள்ளி வைத்து.
ஒன்று பாதிதான்.

சாயங்காலம் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தேன்.
"இன்னிக்குப் பன்னெண்டு!" ஜெசிந்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.
சிக்னல் விழுந்தது.
ரயில் வந்து ஒரு நிமிஷம் நின்றது,
எங்கெங்கோ ஏறியவர்களால் வாசல்வரை நிறைந்து.

பன்னிரண்டு பேரும் ஓடினோம்,
எந்தப் பெட்டியில் ஒற்றைக்கால் வைக்க இடமிருக்கிறதென்று.